65 விழுக்காடு போர்பனை மதிப்பிடுவது எப்படி? எரிச்சலும் சுவையும் குறித்து ஓர் ஐயம்

குறிப்பேடு (கேள்வி)

வணக்கம். நான்கைந்து ஆண்டுகளாக 43 முதல் 50 விழுக்காடு வரை ஆல்கஹால் கொண்ட போர்பன் விஸ்கிகளைச் சுவைத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பேட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். சென்ற வாரம் முதன்முறையாக, தண்ணீர் கலக்காமல் பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே அடைக்கப்பட்ட ஒரு புட்டி கைக்கு வந்தது. அதன் சீட்டில் 130.2 புரூஃப், அதாவது 65.1 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கிறது. ‘கென்டக்கி ஸ்ட்ரெய்ட் போர்பன்’ என்றும் இருக்கிறது. எத்தனை ஆண்டு பீப்பாயில் கிடந்தது என்ற குறிப்பு மட்டும் இல்லை. புட்டியின் பெயரை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறேன். பெயரைச் சொன்னால் அதைப் பற்றிய பழைய அபிப்பிராயங்களே மறுமொழியாக வரும். எனக்கு மதிப்பிடும் முறை தெரிந்தால் போதும்.

வழக்கம்போல 30 மி.லி. ஊற்றி, கோப்பைக்குள் மூக்கை நுழைத்து ஆழமாக முகர்ந்தேன். நெடி சுள்ளென்று ஏறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு 45 விழுக்காட்டு விஸ்கியை எவ்வளவு வாயில் எடுப்பேனோ அவ்வளவே ஒரு மிடறு எடுத்தேன். நுனிநாக்கிலிருந்து தொண்டைவரை எரிந்ததே தவிர வேறொன்றும் புலப்படவில்லை. அடுத்த பத்து நிமிடங்களுக்கு நாக்கு மரத்தே கிடந்தது. ஐந்து துளித் தண்ணீர் விட்டுப் பார்த்தும் மாற்றம் தெரியவில்லை. என் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் ‘எரிகிறது, வெனிலா, மரம்’ என்ற மூன்று சொற்கள் மட்டுமே இருக்கின்றன. மதிப்பெண் இடும் இடத்தில் ஏதும் எழுத மனம் வரவில்லை.

கேட்க விரும்புவது இதுதான். இந்த எரிச்சல் வீரியத்தின் இயல்பா, அல்லது விஸ்கியின் குறையா என்பதை எப்படிப் பிரித்தறிவது? தண்ணீர் கலந்து மதிப்பிட்டால், அடைத்தவர் தந்த பொருளைத்தான் மதிப்பிடுகிறேன் என்று சொல்ல முடியுமா?

பீப்பாயடி (மறுமொழி)

வணக்கம் நண்பரே. மதிப்பெண் இடாமல் விட்டீர்களே, அது மிகவும் சரி. அதிக வீரியமுள்ள போர்பனுக்கு முதல் நாள் எழுதும் தீர்ப்பு பெரும்பாலும் பிழையாகவே போகிறது.

முதலில் சீட்டை நிதானமாகப் படியுங்கள். வயதைப் பற்றிக்கூட அதில் செய்தி இருக்கிறது. அமெரிக்க விதிப்படி ‘ஸ்ட்ரெய்ட்’ என்று போட்டுக்கொள்ளக் குறைந்தது இரண்டு ஆண்டு பீப்பாயில் இருக்க வேண்டும். நான்கு ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் வயதைக் கட்டாயம் அச்சிட வேண்டும். எனவே வயதுக் குறிப்பில்லாத உங்கள் புட்டியில் இருப்பது குறைந்தது நான்கு ஆண்டு முதிர்ந்த விஸ்கி. அடுத்து, போர்பனை உள்ளே கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் இறக்கும்போது அதன் வீரியம் 125 புரூஃபுக்கு, அதாவது 62.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது (1962 வரை இந்த உச்சவரம்பு 110 புரூஃபாக இருந்தது). உங்களுடையதோ 65.1. ஆகவே பீப்பாய்க்குள் கிடந்த காலத்தில்தான் வீரியம் ஏறியிருக்கிறது. கென்டக்கியின் பல மாடிக் கிடங்குகளில் மேல்தளங்கள் கோடையில் கொதிக்கும். அங்கே மரத்தின் வழியாக ஆல்கஹாலைக் காட்டிலும் தண்ணீர் கூடுதலாக வெளியேறுவதால் எஞ்சுவது வீரியம் கூடிப் போகிறது. குளிர்ந்து ஈரம் நிறைந்த ஸ்காட்லாந்துக் கிடங்குகளில் இதற்கு நேர்மாறாக வீரியம் ஆண்டுதோறும் இறங்கும். எனவே உங்கள் புட்டியில் இருப்பது பெரும்பாலும் வெப்பமான தளங்களில் வளர்ந்த பீப்பாய்களின் விஸ்கி. மரத்தின் பங்கு அதில் வலுவாக இருக்கும் என்று எதிர்பார்த்தே கோப்பையை எடுக்கலாம்.

இனி முகர்வது. கோப்பைக்குள் மூக்கை நுழைக்காதீர்கள். ஊற்றியபின் பத்துப் பதினைந்து நிமிடம் மூடாமல் வைத்துவிட்டு, கோப்பையை முதலில் மார்பளவில் பிடித்து, இலேசாக வாயைத் திறந்தபடி மெல்ல மேலே கொண்டுவாருங்கள். நெடி வருவதற்குச் சற்று முன்பே நறுமணம் வந்து சேரும் ஓர் இடம் இருக்கிறது. எனக்கு அது மோவாய்க்கு அருகில் அமைகிறது, ஒவ்வொருவருக்கும் மாறும். அங்கேயே நிறுத்தி, நீளமாக இழுக்காமல் குட்டி குட்டியாக முகருங்கள். கோப்பையைச் சாய்த்து அதன் வாயின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் தனித்தனியே முகர்ந்தால், ஒன்றில் கருகிய சர்க்கரையும் இன்னொன்றில் தானியமும் முன்னால் நிற்பதை உணரலாம். வாய் குறுகிய கோப்பை மணத்தைத் திரட்டித் தருவது உண்மைதான், ஆனால் 65 விழுக்காட்டில் நெடியையும் சேர்த்தே திரட்டிவிடும். சற்று அகன்ற கோப்பையிலும் ஒருமுறை ஊற்றிப் பாருங்கள்.

வாயில் எடுக்கும் அளவுதான் உங்களைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன். எரிச்சலுக்கு உடற்கூற்றுக் காரணம் ஒன்று உண்டு. மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பிதான் ஆல்கஹாலாலும் தூண்டப்படுகிறது. பொதுவாக 42 பாகை செல்சியஸ் அளவில் ‘சுடுகிறது’ என்று சொல்லும் அந்த ஏற்பி, ஆல்கஹால் பட்டால் 34 பாகையிலேயே அப்படிச் சொல்லத் தொடங்குகிறது என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் வாயின் வெப்பமே அதற்கு மேல் இருப்பதால், உங்கள் வாயின் சொந்தச் சூட்டையே நாக்கு தீயாக உணர்கிறது. எனவே முதலில் அரை மி.லி.க்கும் குறைவாக, உதட்டை நனைக்கும் அளவே எடுத்து, உமிழ்நீரோடு வாய் முழுவதும் பரவவிட்டு விழுங்குங்கள். அதில் சுவை தேடவே வேண்டாம். வாய்க்குத் தகவல் சொல்வது மட்டுமே அதன் வேலை. ஒன்றிரண்டு நிமிடம் கழித்து எடுக்கும் இரண்டாம் மிடறிலிருந்துதான் குறிப்பெழுதத் தொடங்க வேண்டும். அதையும் உடனே விழுங்காமல் மெல்வதுபோல் வாயை அசைத்துச் சுழற்றுவதைக் கென்டக்கிக்காரர்கள் ‘கென்டக்கி மெல்லல்’ என்கிறார்கள். போர்பன் வடிப்பாளர் ஜிம் பீமின் பேரனான புக்கர் நோவோடு சேர்த்தே அந்தப் பழக்கம் பேசப்படுகிறது.

அளவைப் பற்றி ஒரு சொல். 65.1 விழுக்காட்டில் 30 மி.லி. என்றால் அதில் ஏறத்தாழ 19.5 மி.லி. தூய ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்காவில் ‘ஒரு பானம்’ என்று கணக்கிடுவது 17.7 மி.லி. தான். மதிப்பிடும் அமர்வுக்கு 15 மி.லி. தாராளம், வெறும் வயிற்றில் வேண்டாம். துப்பிவிடுவதிலும் தவறில்லை, ஆனால் பின்சுவையை அறிய ஒரு மிடறாவது விழுங்க வேண்டியிருக்கும்.

துளிக்கணக்கு (மறுமொழி)

பீப்பாயடி சொன்னவற்றோடு உடன்படுகிறேன். நான் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

ஐந்து துளி விட்டும் மாற்றம் தெரியவில்லை என்றீர்கள். தெரியாமல் போனதில் வியப்பில்லை. ஏறத்தாழ இருபது துளி சேர்ந்தால் ஒரு மி.லி. என்று கொண்டால், ஐந்து துளி என்பது கால் மி.லி. அதை 30 மி.லி.யில் விட்டால் 65.1 என்பது 64.6 ஆகும், அவ்வளவே. ‘இரண்டு துளி விட்டால் விஸ்கி மலரும்’ என்பதை 46 விழுக்காட்டுப் புட்டிக்குச் சொன்னால்கூட ஒருவாறு ஏற்கலாம். உங்கள் புட்டிக்கு அது போதவே போதாது.

ஆகையால் கணக்கிட்டு ஊற்றுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று போதும். மூன்று கோப்பைகளில் 10 மி.லி. வீதம் ஊற்றி, முதலாவதை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் 1.8 மி.லி. தண்ணீர் சேர்த்தால் அது 55 விழுக்காட்டுக்கு இறங்கும். மூன்றாவதில் 3 மி.லி. சேர்த்தால் 50. இருக்கும் வீரியத்தை வேண்டிய வீரியத்தால் வகுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழித்து, விஸ்கியின் அளவால் பெருக்கினால் சேர்க்க வேண்டிய தண்ணீர் கிடைத்துவிடும். கலக்கும்போது கனஅளவு சிறிதளவு சுருங்குவதால் விடை நூற்றுக்கு நூறு துல்லியமாக இராது. நாக்குக்கு அந்த வேறுபாடு தெரியப் போவதில்லை. உப்புச்சுவை இல்லாத, அறை வெப்பத்தில் உள்ள தண்ணீராக இருக்கட்டும். ஆல்கஹாலும் நீரும் சேரும்போது இலேசாகச் சூடு பிறக்கும், ஆகவே கலந்தவுடன் முகராமல் ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

தண்ணீர் ஏன் மணத்தை மாற்றுகிறது என்பதற்கு 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் கணினி உருவகத்தின் வழி ஒரு விளக்கம் தந்தனர். புகைமணம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு, 45 விழுக்காட்டுக்குக் கீழே திரவத்தின் மேற்பரப்பை நாடி வருகிறது. 59 விழுக்காட்டுக்கு மேலே ஆல்கஹால் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துவிடுகின்றன. ஒரே ஒரு மூலக்கூற்றைக் கொண்டு, கணினியில் மட்டும் செய்த வேலை அது. அதிலிருந்து எல்லா மணங்களுக்கும் விதி வகுத்துவிடக் கூடாது. ஆயினும் 65 விழுக்காட்டில் சில மணங்கள் அடங்கியிருப்பது ஏன் என்பதற்கு அது நல்ல குறிப்பு. ஸ்காட்லாந்தில் விஸ்கி கலப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் மாதிரிகளை 20 விழுக்காடு வரை இறக்கி முகர்வது நெடுநாளைய பழக்கம். தம் மூக்கை நம்பிப் பிழைப்பவர்களே தண்ணீரைக் குற்றமாக நினைப்பதில்லை.

இப்போது உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். எரிச்சல் வீரியத்தினுடையது என்றால், 50க்கு இறக்கியதும் அது பெருமளவு அடங்கி, அதன் பின்னால் மறைந்திருந்த சுவைகள் வரிசையாக வரும். விஸ்கியே முரடாக இருந்தால், 50இலும் நாவின் ஓரத்திலும் ஈறுகளிலும் குத்தல் எஞ்சும். நகப்பூச்சு நீக்கியின் வாடையோ பச்சைத் தானிய வாடையோ தண்ணீர் சேர்க்கச் சேர்க்க இன்னும் தூக்கலாகும். அது இளமையின் அல்லது வடிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் வருவதைச் சரியாகப் பிரிக்காததன் அடையாளம். இன்னொரு குறையும் உண்டு: தண்ணீர் பட்டதும் எல்லாம் கலைந்து, வெறும் இனிப்பும் மரத்தூளுமாக நீர்த்துப்போகும் விஸ்கிகள். அவற்றுக்கு வீரியத்தைத் தவிர உள்ளே சரக்கு இல்லை என்று பொருள். நான் அதிகம் ஏமாந்தது இந்த மூன்றாம் வகையில்தான், ஏனென்றால் நேராகக் குடிக்கும்போது அவற்றின் எரிச்சலையே செறிவு என்று எடுத்துக்கொண்டேன்.

தனிமிடறு (மறுமொழி)

மேலே எழுதிய இருவரின் அனுபவத்தையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

அதிக வீரியமுள்ள போர்பனின் சிறப்பில் பாதி அதன் உடலில் இருக்கிறது. நாக்கில் எண்ணெய்போலப் படிந்து, விழுங்கிய பின்னும் விலகாமல் நிற்கும் அந்தக் கனம் தண்ணீர் கூடும்போது முதலில் போய்விடும். குளிர்வடிகட்டல் (அடைக்கும் முன் குளிரவைத்து, கலங்கலாகும் பொருள்களை வடித்தெடுப்பது) செய்யாத புட்டியாக இருந்தால், 46 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கும்போது கொழுப்பு அமில எஸ்டர்கள் பிரிந்து திரவம் இலேசாகக் கலங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தண்ணீர் மணங்களைத் திறப்பதுபோலவே சமன்பாட்டையும் கலைக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நீர்த்த போர்பனில் ஓக்கின் துவர்ப்பும் கசப்பும் முன்னே வந்து நிற்பதும், முழு வீரியத்தில் இனிப்பு அவற்றை மூடி வைத்திருந்ததும் நான் பலமுறை கண்டது. அப்படி வந்த கசப்பை விஸ்கியின் குறை என்று எழுதினால் அது நியாயமாகாது.

எனவே முழு வீரியத்தில் மதிப்பிட்டதே தீர்ப்பு, நீர்த்ததில் கண்டவை விளக்கக் குறிப்புகள் என்று இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுவது என் முறை. தண்ணீருக்கு முன் காலத்தை முயலுங்கள். கோப்பையில் அரைமணி நேரம் விட்டால் 65 விழுக்காட்டு விஸ்கி கணிசமாக மாறும். புட்டியைத் திறந்து தோள்வரை குறைந்த பின், இரண்டு மூன்று வாரம் கழித்து ஊற்றினால் முதல் நாளின் முரட்டுத்தனம் பெரும்பாலும் தணிந்திருக்கும். முதல் கோப்பையை வைத்து எந்தப் புட்டியையும் தள்ளிவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஒப்பிடுவதற்கு ஒரு நிலையான அளவுகோலும் வைத்துக்கொள்ளுங்கள். 50.5 விழுக்காட்டில் வரும் வைல்ட் டர்க்கி 101, அல்லது 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி சரியாக 50 விழுக்காட்டில் அடைக்கப்படும் ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ வகை ஏதேனும் ஒன்று போதும். வீரியம் குறைந்ததை முதலில் சுவையுங்கள். வரிசை மாறினால் அது தண்ணீராகத் தோன்றும். கோப்பைச் சுவரில் வழியும் கோடுகளைப் பார்த்துத் தரம் சொல்வதை விட்டுவிடுங்கள், அவை ஆல்கஹாலின் அளவையே காட்டுகின்றன.

சுவைத்து முடித்த கோப்பையைக் கழுவாமல் வைத்து மறுநாள் காலை முகர்ந்து பாருங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆல்கஹால் முற்றிலும் பறந்துபோயிருக்க, மரம் கொடுத்தது மட்டும் அடியில் காய்ந்து கிடக்கும்.

குறிப்பேடு (கேட்டவர்)

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. சொன்னபடியே பன்னிரண்டு நாள் இடைவெளியில் மூன்று அமர்வுகள் செய்தேன். இம்முறை பக்கம் நிறைந்துவிட்டது.

முதல் அமர்வில் தண்ணீரே சேர்க்கவில்லை. கால் மணி நேரம் விட்டு, கோப்பையை மார்பிலிருந்து மெல்ல உயர்த்தினேன். பீப்பாயடி சொன்ன அந்த இடம் எனக்குக் கீழுதட்டின் அளவில் கிடைத்தது. கருக்கிய சர்க்கரையும், அதற்குப் பின்னால் முற்றிய தேங்காயின் வாசமும் வந்தன. தேங்காயை விஸ்கியில் நான் ஒருபோதும் எழுதியதில்லை. உதட்டை நனைத்த முதல் மிடறை விட்டுவிட்டு இரண்டாவதை மென்றபோது எரிச்சல் இருந்தது, ஆனால் நாக்கு மரக்கவில்லை. கிராம்பு தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாவது அமர்வில் சிரிஞ்சை எடுத்து மூன்று கோப்பை வரிசை வைத்தேன். 55இல் எரிச்சல் பாதிக்கும் கீழே போனது; புளிப்புச் செர்ரிப்பழம் ஒன்று புதிதாக வந்து, கிராம்போடு சேர்ந்து நெடுநேரம் நின்றது. 50இல் குத்தல் ஈறிலோ நாவோரத்திலோ எங்கும் இல்லை. நகப்பூச்சு வாடையும் இல்லை. எனவே முதல் நாள் நான் குறை என்று ஐயுற்றது வீரியத்தின் இயல்பே என்று இப்போது உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் அதே 50இல், விழுங்கிய பிறகு, ஆறிய கட்டங்காபியின் அடிமண்டியைப்போல ஒரு வறண்ட கசப்பு நாக்கின் பின்புறத்தில் தங்கியது. முழு வீரியத்தில் அதை நான் உணரவே இல்லை.

மூன்றாவது அமர்வு, தனிமிடறு சொன்ன கேள்விக்காகவே. அந்தக் கசப்பு நீரால் வந்ததா, முன்பே இருந்ததா என்று அறிய, முழு வீரியத்தில் ஒரு மிடறு விழுங்கிவிட்டு ஐந்து நிமிடம் எதுவும் குடிக்காமல் இருந்தேன். மூன்றாம் நிமிடத்தில் இனிப்பு வடிந்ததும் அதே வறட்சி வந்தது, அளவில் குறைவாக. மறுநாள் காலை காய்ந்த கோப்பையில் வெனிலாவும் பழைய மரப்பெட்டியின் வாசமும் இருந்தன. பழத்தின் சாயல் துளியும் இல்லை.

துளிக்கணக்கு (மறுமொழி)

அருமையான வேலை. ஐந்து நிமிடம் காத்திருந்தது எனக்கும் பாடம். பின்சுவையை நான் ஒரு நிமிடத்துக்கு மேல் கவனித்ததில்லை. கசப்பு இரண்டு வீரியத்திலும் வந்துவிட்டதால் அது விஸ்கிக்கு உரியதே. தண்ணீர் அதைப் பெரிதாக்கிக் காட்டியது, உண்டாக்கவில்லை. வெப்பமான தளத்தில் நெடுநாள் கிடந்த மரத்தின் துவர்ப்பு என்று கொண்டால், சீட்டிலிருந்து பீப்பாயடி ஊகித்ததற்கும் பொருந்தி வருகிறது.

தனிமிடறு (மறுமொழி)

ஏற்கிறேன். இந்தப் புட்டியைப் பொறுத்தவரை கசப்பைக் குறையாக எழுதுவது நியாயமே.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் புட்டியின் தொகுதி எண்ணையும் மறவாமல் எழுதுங்கள். பீப்பாய் வீரியத்தில் அடைப்பவை தொகுதிக்குத் தொகுதி மாறும். வீரியமே ஒன்றாக இருப்பதில்லை. எலைஜா கிரெய்க் பேரல் புரூஃப் என்ற போர்பனில் ‘ஏ124’ என்று இருந்தால், 2024இன் முதல் வெளியீடு, ஜனவரி மாதத்தது என்று பொருள். உங்கள் புட்டியிலும் அதுபோன்ற குறியீடு கழுத்திலோ பின்சீட்டிலோ இருக்கும். அது இல்லாமல் எழுதிய மதிப்பீட்டை நம்பி வேறொருவர் வாங்கினால், அவர் கோப்பையில் இந்தக் கசப்பும் இராது, அந்தச் செர்ரியும் இராது.

குறிப்பேடு (கேட்டவர்)

பின்சீட்டின் கீழ்மூலையில் இருக்கிறது. எழுதிவிட்டேன். அடுத்த மாதம் புட்டி பாதியாகும்போது, 65.1இலும் 55இலும் மட்டும் மீண்டும் வைத்துப் பார்த்து, அந்த வறட்சி தணிந்ததா என்பதை இங்கேயே பதிகிறேன். மதிப்பெண் கட்டம் அதுவரை காலியாகவே இருக்கும்.